ஊட்டியா, கோவையா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்

கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அரசுப் பள்ளியில் படித்த என் மகளுக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் கிடைத்திருக்கிறது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பி.இ. இடமும் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள், மனசெல்லாம் செடிகொடி மேல்தான். டீச்சர்களைக் கேட்டேன், வேலைக்கு பி.இ.தான் நல்லது என்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எங்கே சேர்ந்தாலும் வரும். ஒதுக்கீட்டில் படிப்பு, விடுதிக் கட்டணம் அரசே கட்டும் என்றார்கள். ஆனால் கல்லூரியில் சாப்பாட்டுக்குத் தனியாகக் கட்டச் சொல்கிறார்கள். நேரில் போயும் தொகையை எழுதித் தரவில்லை. பச்சைத் தேயிலை விலையை நம்பி இருக்கும் வீடு, பாதியில் நிறுத்த நேர்ந்தால் பிள்ளை உடைந்துபோவாள்.

இந்த ஒதுக்கீட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சொல்லுங்கள்: வருடத்துக்குக் கையிலிருந்து எவ்வளவு கட்டுகிறீர்கள்?