மணி வடிவ வளைவு: நிகழ்தகவு 1-ஐத் தாண்டுமா? அவசரம்

தண்டுக்காரன்: இயல்நிலைப் பரவல் வளைவு வரைகிறேன். உச்சியில் 19.95 வருகிறது. நிகழ்தகவு எப்படி 1-ஐத் தாண்டும்? எங்கே தப்பு? நாளைக் காலை அறிக்கை கொடுக்க வேண்டும்.

பழைய மாணவி: எதில் வரைகிறீர்கள்? எதை அளந்தீர்கள்? சராசரி எவ்வளவு? திட்ட விலக்கம், அதாவது அளவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, எவ்வளவு?

விரிதாள்: எக்செல்தானே? வளைவு வரையும் நார்ம்.டிஸ்ட் (NORM.DIST) சூத்திரத்தில் கடைசியில் ஃபால்ஸ் போட்டிருப்பீர்கள். ட்ரூ போடுங்கள், சரியாகிவிடும்.

தண்டுக்காரன்: எக்செல்தான். தண்டுகளின் விட்டம். ட்ரூ போட்டால் நடுவில் 0.5 வருகிறது, கோடு ஏறிப்போய் 1-இல் படுத்துவிடுகிறது. மணியே இல்லை.

லேத் அண்ணன்: டூல் தேயத் தேய விட்டம் கூடும் தம்பி. காலையில் கடைந்ததையும் மாலையில் கடைந்ததையும் ஒன்றாகக் கொட்டினால் மணி எப்படி வரும்? முதலில் அதைப் பார்.

கணக்கு ஐயா: பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக்கூடப் புரட்டாமல் கேட்க வந்துவிடுகிறார்கள். வளைவின் உயரம் நிகழ்தகவு அல்ல, அடர்த்தி. ஜெர்மன் கணித மேதை காஸ் 1809-இலேயே எழுதிய வளைவு இது.

பழைய மாணவி: 1733-இலேயே டி மாய்வர் இதை எட்டிவிட்டார் ஐயா, நாணயம் சுண்டும் கணக்கைச் சுருக்கப் போய்.

கணக்கு ஐயா: அவருக்கு அது வெறும் தோராயம். அளவீட்டுப் பிழைகளோடு அதைப் பொருத்தியவர் காஸ். ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில் அவர் முகத்தோடு இந்த வளைவும் சும்மாவா அச்சானது?

பழைய மாணவி: நோட்டில் வந்தால் முந்தியவர் ஆகிவிடுவாரா? இதே வளைவில் உழைத்த பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸை எங்கே விட்டீர்கள்?

மைக்ரான்: அது அப்புறம். தம்பி, திட்ட விலக்கம் 1 என்றால் உச்சியின் உயரம் 0.3989. அதை 19.95-ஆல் வகுத்தால் 0.02. உங்கள் திட்ட விலக்கம் 0.02 மி.மீ. தானே? அப்படியானால் எந்தத் தப்பும் இல்லை. 19.95 என்பது ஒரு மி.மீ.க்கு இவ்வளவு என்ற அடர்த்தி. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் நிகழ்தகவு. உச்சியில் ஒரு மைக்ரான் (0.001 மி.மீ.) அகலத்துக்கு 19.95 × 0.001, ஏறக்குறைய 2 சதவீதம். சராசரிக்கு இருபுறமும் 0.02 வரை 68.27 சதவீதம். முழுப் பரப்பு 1. வளைவு ஒல்லியாக இருப்பதால் உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். அளவுகளை மைக்ரானுக்கு மாற்றி வரையுங்கள்: உச்சி 0.01995 ஆகிவிடும், பரப்பு அப்படியே இருக்கும்.

தண்டுக்காரன்: ஆமாம், சராசரி 25, விலக்கம் 0.02. மாற்றிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே வந்தது. நன்றி அண்ணா.

லேத் அண்ணன்: எல்லாம் ஒரே டூலில் கடைந்ததா, நடுவில் மாற்றினாயா? அதைச் சொல்லவே இல்லையே தம்பி.