கால் இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டெம் செல் ஊசி: நிலத்தை ஒற்றி வைத்துச் செய்யலாமா?

கேள்வி (குலசேகரம்):
ரப்பர் பால் வெட்டும் என் தந்தைக்கு வயது 61. நாற்பது ஆண்டுகளாகப் பீடி புகைக்கிறார். சர்க்கரை நோயும் உண்டு. இடது கால் பெருவிரலில் வந்த கரும்புண் மூன்று மாதமாக ஆறவில்லை. இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடிதான் உறங்குகிறார். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டதில் 0.4 என்று வந்தது. எல்லைக்கு அப்பால் ஒரு தனியார் மையத்தில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு உயிரணுக்களாக வளரக்கூடிய மூல உயிரணு) எடுத்துக் காலில் செலுத்தினால் புதிய குழாய்கள் வளரும், அறுவை சிகிச்சையே வேண்டாம் என்கிறார்கள். இருக்கும் பத்து சென்ட் நிலத்தை ஒற்றி வைத்துச் செய்யலாமா?

பதில் (பாறசாலை, செவிலியர்):
தம்பி, நிலத்தில் கை வைக்க வேண்டாம். அளவு 0.9-க்குக் கீழே போனாலே அடைப்பு என்று கொள்வோம். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவர் இறுகிவிடுவதால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டக்கூடும் என்பதால், 0.4 என்பது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. பலூன் வைத்து விரிக்க முடியுமா, பைபாஸ் (அடைப்பைச் சுற்றி மாற்றுக் குழாய் இணைப்பது) செய்ய முடியுமா என்று இரத்தக்குழாய் அறுவை நிபுணர் இந்த வாரமே பார்க்க வேண்டும். அவை இரண்டும் இயலாதவர்களுக்குத்தான் ஸ்டெம் செல் பற்றிய பேச்சே வரும். இந்நோய்க்கு 2020-இல் இந்தியாவில் முழு அனுமதி பெற்ற ஸ்டெம்பியூசெல் என்ற ஸ்டெம் செல் ஊசி, நன்கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து தயாரிக்கப்பட்டுக் கெண்டைச் சதையில் பல இடங்களில் போடப்படுவது. கொழுப்பிலிருந்து எடுத்துப் போடும் அந்த மையத்தின் முறை வேறு. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பதில் (செங்கோட்டை):
என் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே பைபாஸ் இணைக்க ஒரு குழாய்கூட மிஞ்சவில்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொன்ன பிறகே, அனுமதி பெற்ற அந்த ஊசியைப் போட்டோம். பீடியை விடும்வரை போட மாட்டேன் என்று மருத்துவர் உறுதியாக இருந்தார். சில மாதங்களில் இரவு வலி குறைந்து, புண் மெல்ல மூடியது. ஆனாலும் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்தில் 160 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அவரவர் மஜ்ஜைச் செல்களையும் மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் இரத்தக்குழாய் வழியே செலுத்திப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கால் இழப்பு குறையவில்லை. எனவே ஸ்டெம் செல் என்ற பெயரை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
நாளை காலை அப்பாவைத் திருவனந்தபுரம் அழைத்துச் செல்கிறேன். ஆஞ்சியோகிராமுக்கு (இரத்தக்குழாய்ப் படம்) சாயம் செலுத்துவார்களாமே, அது சிறுநீரகத்தைப் பாதிக்குமா, அக்கா?

பதில் (பாறசாலை, செவிலியர்):
பாதிக்கக்கூடும் என்பதால்தான் முதலில் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்ப்பார்கள். பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். புண்ணில் நீங்களாக எதையும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்துச் செல்லுங்கள்.