கோ-ஆப்பில் வந்துபோனவர்கள்: உங்கள் ஜென்ஷின் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மொட்டைமாடி வீரன்

ஜென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ கேம் அடிப்படையில் தனியாள் ஆட்டம்தான். கதை, புதிர், சமையல், மலையேற்றம் எல்லாம் நீங்களும் வழித்துணை பைமோனும் மட்டும். அட்வெஞ்சர் ரேங்க், அதாவது ஆடுபவரின் நிலை, 16 வந்த பிறகுதான் கோ-ஆப் என்ற சேர்ந்தாடும் வசதி திறக்கும். அதிலும் ஓர் உலகத்தில் நான்கு பேருக்கு மேல் இடமில்லை. வந்தவர் நம் பெட்டியைத் திறக்க முடியாது, கதையை நகர்த்த முடியாது, நாம் ஆசைப்பட்டாலும் அவருக்கு ஓர் ஆப்பிளைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது. அப்படியிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் வருகிறார்கள், ஏதோ செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த மாதிரி ஆட்களைப் பற்றி எழுதுங்கள். யார் எந்த கேரக்டரை எடுத்தார்கள், யார் பில்ட் (கேரக்டருக்குச் சேர்த்த ஆயுதம், அணிகலன்) நல்லது என்ற சண்டைக்கு வேறு இடம் இருக்கிறது.

முதலில் என்னுடையது. ஆட்டம் வெளியானது 2020 செப்டம்பர் 28. அந்த வருடக் கடைசி, கல்லூரி ஆன்லைனில் ஓடிக்கொண்டிருந்த காலம். இலவசமாகக் கிடைத்த பார்பரா என்ற கேரக்டரை வளர்க்க வேண்டும் என்றால் ஓஷனிட்டை அடித்தாக வேண்டும். ஆட்டத்தில் வரும் லியுவே நாட்டில் சிங்சே கிராமத்துக்குப் பக்கத்துக் குளத்தில் இருக்கும் நீர்ப்பிசாசு அது. ஆடியவர்களுக்குத் தெரியும், அதை நேராக அடிக்கவே முடியாது. தண்ணீரிலிருந்து நண்டு, பன்றி, தவளை, பறவை என்று கூட்டம் கூட்டமாக அனுப்பும். அவற்றைக் கொன்றால்தான் அதன் உயிர் குறையும். பார்பராவின் தாக்குதலும் நீர், அவையும் நீர், சிராய்ப்புகூட ஏற்படாது. பறவைகளை விழவைக்க என்னிடம் இருந்தது ஆம்பரின் வில் மட்டும். குறி வைப்பதற்குள் நண்டு பின்னால் வந்து முட்டிவிடும்.

அப்போது ஒருவர் உள்ளே வர அனுமதி கேட்டார். நம்மைவிட உயர்ந்த வேர்ல்ட் லெவல்காரர் (அதாவது உலகம் நம்முடையதைவிடக் கடினமானவர்) நம் உலகத்துக்கு வரலாம், நாம் அவர் உலகத்துக்குப் போக முடியாது. இந்த விதியை அன்றுவரை எரிச்சலாகவே நினைத்திருந்தேன். வந்தவர் இந்தோனேசியாக்காரர் என்று நினைக்கிறேன், முதல் வரியை அவர் மொழியில் எழுதினார். எனக்குப் புரியவில்லை என்றதும் உடைந்த ஆங்கிலத்தில் ஒரே வரி: "பறவை எனக்கு, நண்டு உனக்கு."

இரண்டு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு கேரக்டர். அவர் ஃபிஷ்லைக் கொண்டுவந்திருந்தார். அவளுடைய காக்கை ஓஸை வானத்தில் விட்டால் அது பாட்டுக்கு மின்னல் அடிக்கும். அவர் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் தானே முடித்திருக்கலாம். ஆனால் தன் பங்குப் பறவைகள் தீர்ந்ததும் மேடை நடுவில் சும்மா நின்றார். நான் நண்டின் கவசத்தை என் இன்னொரு கேரக்டர் கேயாவின் பனியால் உறையவைத்து, ஓடி, விழுந்து, எழுந்து முடிக்கும்வரை கை வைக்கவே இல்லை. ஒரு பன்றி என்னை முட்டித் தள்ளவிருந்தபோது மட்டும் ஓர் அம்பு வந்தது.

முடிந்ததும் பூ மலர்ந்தது. ரெசின் என்ற ஆட்டச் சக்தியில் 40 கொடுத்தால் பரிசு. ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்றுதான் ஊறும், அதனால் யாரும் அதைச் சும்மா செலவழிக்க மாட்டார்கள். அவர் பூவைத் தொடவே இல்லை. எனக்காக மட்டும் வந்திருக்கிறார். ஒரு ஸ்டிக்கரைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஸரிகமப்பூனை

நான் சண்டைக்காரி இல்லை. 2021 மார்ச்சில் வந்த விண்ட்புளூம் விழாவில் ஒரு யாழ் கொடுத்தார்களே, விண்ட்சாங் லயர், அதை வாசிப்பதற்காகவே பல நாள் உள்ளே போயிருக்கிறேன்.

மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 21 சுரம். கருப்புக்கட்டை கிடையாது. அதாவது அப்படியே சங்கராபரணம். வேறு ராகம் வேண்டுமென்றால் ஸ-வை நகர்த்த வேண்டும்: ரி-யிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா, க-விலிருந்து தோடி, ம-விலிருந்து கல்யாணி, ப-விலிருந்து அரிகாம்போதி, த-விலிருந்து நடபைரவி. பாட்டு வகுப்பில் எத்தனை தடவை சொல்லியும் மண்டையில் ஏறாத கிரகபேதம், ஃபோன் திரையில் விரல் வைத்ததும் ஏறிவிட்டது. என்ன, தொட்டால் ஒரே ஓசை, அசைக்க முடியாது. தோடியின் சுரங்கள் வரும், தோடி வராது.

அதனால் கமகம் குறைவாகப் போதும் என்று மோகனத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டத்தின் மோன்ட்ஸ்டாட் நகரத் தேவாலயத்துக்கு முன்னால் பெரிய சிலை இருக்கிறதல்லவா, அதன் அடியில் நின்று, நமக்கெல்லாம் மோகனத்தில் முதலில் சொல்லிக்கொடுக்கும் கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். உலகம் திறந்தே இருந்தது. யாரோ ஒருவர் ஏதோ பொருள் தேடி வந்தவர், படியில் ஏறிப் பக்கத்தில் வந்து நின்றார். நான் நிறுத்தினேன். அவர் தன் யாழை எடுத்து, நான் கடைசியாக வாசித்த ஸ ரி க ப த-வை அப்படியே திருப்பி வாசித்தார். சரி, பார்க்கலாம் என்று கொஞ்சம் வளைத்து ஒரு வரி போட்டேன். அதுவும் திரும்பி வந்தது, கடைசியில் ஒரு சுரம் கூடுதலாக. அப்புறம் அவர் கேட்க நான் பதில் சொல்ல என்று போனது. தனியாவர்த்தனத்தில் கஞ்சிராக்காரர் மிருதங்கத்துக்குப் பதில் சொல்வதுபோல.

நடுவில் "இது எந்தப் பாட்டு?" என்று எழுதினார். "தென்னிந்தியா, குழந்தைகளுக்கான முதல் பாடம்" என்றேன். "லியுவே மாதிரி இருக்கிறது" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மோகனத்தின் அந்த ஐந்து சுரங்கள்தான் சீன இசையிலும் ஓர் அடிப்படை வரிசை. லியுவே பின்னணி இசை முழுக்க அந்த வாசனை அடிக்கும். ஆட்டத்தைச் செய்த மிஹோயோ ஷாங்காய்க் கம்பெனிதானே.

கோர் லாபிஸ் கஞ்சன்

எல்லோரும் நல்லவர்களையே சந்தித்திருக்கிறீர்கள். என் உலகத்துக்கு வருகிறவர்கள் பறிக்கத்தான் வருகிறார்கள்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கேரக்டரை முழுசாக உயர்த்த, அந்த ஊரில் மட்டும் விளையும் பொருள் 168 வேண்டும். கான்யூவுக்குக் கிங்சின் பூ, ஜோங்லிக்குக் கோர் லாபிஸ் கல். பறித்தால் மறுபடி முளைக்க 48 மணி நேரம். விருந்தாளி நம் பெட்டியைத் திறக்க முடியாதே தவிர, இவற்றைப் பறிக்கலாம். அதனால் புது கேரக்டர் வரும் வாரமெல்லாம் வாசலில் கூட்டம்.

மரியாதை தெரிந்தவர்கள் உள்ளே வந்ததும் "கிங்சின் எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். ஒரு பையன், பதில் வரும்வரை நுழைந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன், திரும்பி வந்து பார்த்தால் இன்னும் நிற்கிறான். மலை உச்சி உச்சியாக நானே கூட்டிக்கொண்டு போனேன். இன்னொருவர் வந்தார். வணக்கம் இல்லை, கேள்வி இல்லை, வரைபடத்தில் அவர் புள்ளி மட்டும் சுரங்கம் சுரங்கமாக ஓடுகிறது. நான் ஜோங்லிக்காகச் சேர்த்துவைத்த பாறையெல்லாம் மொட்டை. வெளியேற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

நள்ளிரவு நரி

நான் சந்தித்தது சீச்சீ என்ற கேரக்டரை. குலுக்கலில் 90 விஷ் வரை போய்.

மொட்டைமாடி வீரன்

@நள்ளிரவு நரி, ஐந்து நட்சத்திரக் கேரக்டர் விழ 0.6 சதவீதம், ஒரு விஷ்ஷுக்கு பிரைமோஜெம் என்ற ஆட்டக் காசு 160, தினசரி வேலை முடித்தால் கிடைப்பது 60. ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் இழை ஆட்களைப் பற்றியது, நண்பா.

மழைக்குருவி

பெண்களின் அனுபவம் கொஞ்சம் வேறு. ஆண்கள் இதையும் படிக்கட்டும். சாட்டில் எப்படியோ நான் பெண் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். ஆட்டத்துக்குள் குரல் வசதி இல்லை, அதனால் "டிஸ்கார்டுக்கு வா, மைக் போடு, வயசு என்ன?" பாஸை, அதாவது பெரிய எதிரியை, அடிக்க வந்தவர் பாஸை மறந்துவிடுவார். மறுத்தால் கெட்ட வார்த்தை. சாதாரண வார்த்தைக்கெல்லாம் நட்சத்திரம் போடும் வடிகட்டி, இதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும்.

இப்படி ஒருவன் தொல்லை கொடுத்தபோது கூட இருந்த மூன்றாவது ஆள் பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மட்டும் வரிசையாக எழுதினார்: முதலில் வெளியேற்று, அவன் பக்கத்தைத் திற, பிளாக் செய், ரிப்போர்ட் செய், அமைப்பில் "அனுமதி கேட்டு நுழைக" என்று மாற்று. மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு, "இப்போ டிவாலின் பாஸை அடிப்போம்" என்றார். அடித்தோம்.

திருச்சி அம்மா

எல்லாக் குழந்தைகளுக்கும் வணக்கம். எனக்கு 50 தாண்டியாயிற்று. மகள் டொராண்டோவில் படிக்கிறாள். அங்கே அவள் தோழிகள் அமெரிக்கா சர்வரில் ஆடுகிறார்கள், இவள் ஆசியாவில். ஒரு சர்வரில் சேர்த்தது இன்னொன்றில் வராது என்பதால் அவர்களோடு சேர வேண்டுமென்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். "அதுக்கு நீ வாம்மா" என்று எனக்கு ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்துவிட்டாள். ஆசியா சர்வரில் புது நாள் பிறப்பது நமக்கு இரவு 1:30, அவளுக்குக் கோடையில் மாலை 4.

மலையேறத் தெம்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தெரியாமல் நான் விழுந்து சாவேன். ஒரே ஒரு முட்டையில் ஆஃப்பாயில் போட்டால் செத்தவர் எழுந்துவிடுகிறார், இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பையில் எப்போதும் நிறைய வைத்திருப்பேன்.

ஒருநாள் மகள் தூங்கிவிட்டாள், நானே தனியாக ஒரு டொமைன், அதாவது சண்டைக் கூடத்துக்குள் போய்விட்டேன். நான்கு பேராகச் சேர்த்துவிட்டது. அப்படிப் போனால் ஆளுக்கு ஒரே கேரக்டர், அது விழுந்தால் மற்றவர்தான் தூக்கிவிட வேண்டும். நான் முதல் நிமிடத்திலேயே விழுந்தேன். வெட்கமாகிவிட்டது. "சாரி, ஆன்ட்டி ஸ்லோ" என்று எழுதினேன். மூன்று பேரும் ஒரு நொடி நின்றார்கள். பிறகு ஒருவர் "ஓகே ஆன்ட்டி" என்றார். அதற்குமேல் மூன்று பேரும் ஆன்ட்டிதான். "ஆன்ட்டி பின்னால் வா", "ஆன்ட்டி ஹீல்." ஒருவர் என் முன்னால் கேடயத்தைப் போட்டுக்கொண்டே நடந்தார். நானும் பார்பராதான் வைத்திருக்கிறேன், பாட்டுப் பாடி எல்லோருக்கும் உயிர் ஏற்றிக்கொண்டே இருந்தேன். காலையில் மகளிடம் சொன்னால் நம்பவில்லை. எந்த டொமைன் என்று கேட்டாள், பெயர் சொல்லத் தெரியவில்லை.

கோர் லாபிஸ் கஞ்சன்

@திருச்சி அம்மா, ஞாயிறு இரவு வாராந்திர பாஸ் அடிக்கிறோம், வாருங்கள். முதல் மூன்றுக்கு 30 ரெசின்தான், அதற்குமேல் 60. திங்கள் 1:30 ஆனால் கணக்கு மாறிவிடும், அதனால் பன்னிரண்டுக்குள் வந்துவிடுங்கள். மழைக்குருவியும் வரலாம், மைக் கேட்பவன் யாரும் இல்லை. கேடயம் நான் பார்த்துக்கொள்கிறேன், ஜோங்லி ஒருவழியாக முழுசாகிவிட்டார். கிங்சின் வேண்டியவர்கள் கேட்காமலே பறித்துக்கொள்ளலாம். கோர் லாபிஸில் மட்டும் கை வைக்க வேண்டாம்.