26 புள்ளியை விட மனசு வரல, யோசனை சொல்லுங்க

சிங்கப்பூர் மக்களே, ஜூன் பள்ளி விடுமுறைக்குக் கப்பல் பயணம் போடணும். வீட்டில் ரெண்டு கட்சி.

இதுவரை போனதெல்லாம் ராயல் கரீபியன் கம்பெனிக் கப்பல்தான். அவங்க உறுப்பினர் திட்டத்தில் சாதாரண அறைக்கு ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. எங்களுக்கு 26 இருக்கு. 30 ஆனா பிளாட்டினம்ங்கிற அடுத்த உறுப்பினர் நிலை. வீட்டுக்காரர் 80 தொட்டு டைமண்ட் ஆகுற கனவில் இருக்கார். நாலு நாள் பயணமா மூணு மூணு இரவா சேர்த்தா அது எந்தக் காலத்தில் வரும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க!

எனக்கு ஒரு தடவை வேற கம்பெனிக் கப்பலான ஜென்டிங் ட்ரீம் பார்க்கணும். காரணம் மாமியார். சுத்த சைவம், ரெண்டாம் நாள் மதியமே "கொஞ்சம் தயிர்சாதம் கிடைக்குமாம்மா?"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அந்தக் கப்பலில் இந்திய சைவச் சாப்பாடு தனியா உண்டுன்னு போட்டிருக்காங்க. ஆனா பையனுக்குப் பழைய கப்பல்தான் வேணும். எந்த லிஃப்டில் ஏறினா ஐஸ்கிரீம் பக்கம்னு அவனுக்கு மனப்பாடம்.

சேர்த்த புள்ளி எங்கேயும் போயிடாதுன்னு தெரியும். இருந்தாலும் நாலே நாலு புள்ளி பாக்கின்னு நினைச்சா கை நடுங்குது.

ரெண்டிலும் போனவங்க யாராவது இருக்கீங்களா? சைவச் சாப்பாடு மூணு வேளையும் மாறி மாறி வருமா, இல்ல அதே பருப்பு, பனீர்தானா? முட்டி வலி உள்ளவங்களுக்கு எந்த இடத்தில் அறை எடுத்தா நடை குறையும்? இந்த வாரக் கடைசிக்குள் முன்பணம் கட்டணும்.