சில்லிஸ் விதான மாதிரி: பலகை வளைகிறது, பூச்சு உரிகிறது. வழி சொல்லுங்கள்

சுவிட்சர்லாந்தின் சில்லிஸ் ஊரில் உள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டு ஓவிய விதானத்தை 1:10 அளவில் செய்கிறோம். அசலில் 153 பலகைகள்: அகலத்தில் 9, நீளத்தில் 17, ஒவ்வொன்றும் சுமார் 90 செ.மீ. சதுரம். நமக்கு 9 செ.மீ. ஓரம் சுற்றி வரும் 48-ல் பெரும்பாலும் மீன்வால் விலங்குகள். உள்ளே 105: இயேசுவின் வாழ்க்கை, கடைசி வரிசை மட்டும் மார்ட்டின். (அங்கே போகிறவர்கள் கழுத்து வலிக்காமலிருக்கக் கைக்கண்ணாடியில் பார்ப்பார்கள்.)

4 மி.மீ. பைன் பலகை. வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு. இரவு ஊறவைத்து, கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பாகக் கரைத்து, சாக் பவுடர் கலந்து 5 பூச்சு. இரண்டு கோளாறுகள்.

ஒன்று, பூசிய பக்கம் காயும்போது சுருங்கிப் பலகையைக் கிண்ணம்போல் இழுக்கிறது. பின்பக்கம் வஜ்ஜிரத் தண்ணீர் மட்டும் போதுமா, அங்கேயும் சாக் பூச்சு வேண்டுமா?

இரண்டு, மேல்பூச்சு செதிலாக உரிகிறது. சட்டியில் தண்ணீர் ஆவியாகி, கடைசிப் பூச்சுகளில் பசை கெட்டியாகிவிடுவதுதான் காரணம் என்று சந்தேகம். அடியைவிட மேலே பசை வலுத்தால் உரியத்தானே செய்யும்? இடையில் எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறீர்கள்?

சட்டத்தின் காடியில் (பலகை செருகும் பள்ளத்தில்) பலகை விரிய எத்தனை மி.மீ. விடுவது என்றும் சொல்லுங்கள். ஆணியோ பசையோ வைத்து இறுக்கினால் மழைக்காலத்தில் பிளக்கும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ (கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பசை அடிப்பூச்சு) வேண்டாம், சாக் பூச்சின் பளபளப்பில்லாத தளம் அதில் வராது.