தாத்தா பட்டறை குழு: ஊஞ்சல் பலகைக்கு எந்த இழைப்புளி?

2014 நவம்பர் 9, ஞாயிறு

அத்தை: அண்ணா, தம்பி, உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் நேற்று வந்து போனார்கள். தாய்மாமன் சீரில் ஊஞ்சலும் வருகிறது என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். தை பிறப்பதற்குள் பலகை தயாராகிவிடுமா?

பெரியப்பா: ஆகிவிடும் அம்மா. மரம் பட்டறையில் வந்து இறங்கிவிட்டது.

சித்தப்பா: எந்த மரம் அண்ணா? என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே.

நான்: சித்தப்பா, இங்கே காரைக்குடியில் இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து வாங்கிய பர்மா தேக்கு. ஒரே பலகை. 6 அடி நீளம், 22 அங்குல அகலம், இரண்டரை அங்குலக் கனம். நடுவில் ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு முனைகளும் லேசாக முறுக்கியிருக்கின்றன.

சித்தப்பா: மதுரைக்கு ஏற்றி அனுப்புங்கள். என் கடை இயந்திரத்தில் ஒரு மணி நேரத்தில் மட்டமாக்கித் தருகிறேன்.

பெரியப்பா: உன் இயந்திரத்தின் வாய் எத்தனை அங்குலம்?

சித்தப்பா: 12 அங்குலம். நடுவில் கிழித்து, இழைத்து, மறுபடி ஒட்டிவிடலாம். ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது.

பெரியப்பா: மருமகள் உட்காரும் ஊஞ்சலை நான் கிழித்து ஒட்டித் தரமாட்டேன். இது கையால் இழைக்க வேண்டிய பலகை.

ஒட்டாவா அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் இப்போதுதான் விடிந்தது. நான் மார்கழியில் ஊருக்கு வருகிறேன். பெட்டியில் ஓர் இழைப்புளிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். இங்குள்ள லீ வேலி என்ற கருவி நிறுவனம் தன் வெரிட்டாஸ் பெயரில் இந்த ஆண்டு புதிய இழைப்புளி வரிசை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அளவைக் குறிக்கும் 4, 5, 7 முதலிய எண்களில் வருகிறது. வெட்டும் தகடு எத்தனை பாகை சாய்ந்து அமர வேண்டும், கைப்பிடியின் வடிவமும் அளவும் என்ன, தகட்டின் எஃகு எது என்பதையெல்லாம் வாங்குகிறவரே தேர்ந்தெடுக்கலாம். எது வேண்டும் என்று வரும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் இங்கிருந்தே பதிந்துவிடுவேன்.

அத்தை: நல்லது தம்பி. பத்திரமாக வந்து சேர்.

பெரியப்பா: இங்கே நான்காம் எண் இரும்பு இழைப்புளி ஒன்று இருக்கிறதே. லூதியானாவில் செய்த அனந்த். அதற்கு என்ன குறை?

ஒட்டாவா அண்ணன்: குறை என்று நான் சொல்லவில்லை அப்பா. நம்மிடம் உள்ள அந்த வடிவத்தை வகுத்தவர் லெனார்டு பெய்லி. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. அன்று முதல் உலகமெங்கும் அந்த அமைப்பையே பார்த்துச் செய்கிறார்கள். 1981இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய லீ-நீல்சன் நிறுவனம்கூட ஸ்டான்லியின் பழைய பெட்ராக் வடிவத்தைத்தான் கனமான வார்ப்பில் திருத்தமாகச் செய்கிறது. இப்போது வெளிவந்திருக்கும் வெரிட்டாஸ் வரிசை அந்த அமைப்பிலிருந்து சில இடங்களில் விலகுகிறது. தகடு அமரும் சாய்வை 40 பாகை முதல் 55 பாகை வரை நாமே சொல்லலாம். பெய்லி வடிவத்தில் அது 45 பாகைதான். சாய்வு கூடக்கூட, முடிச்சு ஓரத்தில் நார் எதிர்த்துக் கிளம்பும் இடங்களில் மரம் பிய்வது குறையும். ஆனால் தள்ளுவதற்குப் பலம் அதிகம் வேண்டும், முனையும் விரைவில் மழுங்கும். நம் பலகையில் முடிச்சு இருப்பதால் 50 பாகை சரியாக இருக்குமோ என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: வெட்டும் தகட்டின் மேல் படியும் மேல்தகட்டை முனைக்கு நெருக்கி வைத்தால் 45 பாகையே போதும். உன் தாத்தா அப்படித்தான் வைப்பார்.

நான்: எவ்வளவு நெருக்கமாக, பெரியப்பா?

பெரியப்பா: ஒரு தலைமுடி நுழையும் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது.

ஒட்டாவா அண்ணன்: அப்பா சொல்வது முழுக்கச் சரி. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் மேல்தகட்டை முனையிலிருந்து 0.1 மில்லிமீட்டர், 0.2 மில்லிமீட்டர் என்று நகர்த்தி வைத்து, மரச்சுருள் கிளம்புவதை நுண்ணோக்கி வழியே படம் பிடித்திருக்கிறார்கள். மேல்தகடு அவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, கிளம்புகிற சுருள் உடனே அதில் முட்டி முன்னோக்கி வளைந்துவிடுகிறது. அதனால் நார் அடியோடு பிளந்துகொண்டு ஓடுவதில்லை. பின்னால் தள்ளி வைத்தால் சுருள் நெம்புகோல் மாதிரி நாரைத் தூக்கிப் பிய்க்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தபோது தாத்தாவின் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பெரியப்பா: அந்தக் கையிடம் தொழில் கற்றுக்கொள்ள நீ இங்கே இருந்திருக்கலாம்.

அத்தை: அண்ணா, பிள்ளை ஆசையாக வாங்கி வருகிறேன் என்கிறான். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

சித்தப்பா: சாய்வு 45 என்று வைத்துக்கொள்வோம். எஃகு எது?

ஒட்டாவா அண்ணன்: ஓ1 என்பது எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றும் எஃகு. நம் கார்பரண்டம் கல்லில் எளிதாகத் தீட்டலாம். பி.எம்.-வி11 என்பது இவர்கள் 2012இல் கொண்டுவந்தது. உருகிய எஃகைத் தூளாக்கி, அந்தத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்வது. உள்ளே இருக்கும் கடினத் துகள்கள் சிறியனவாகவும் சீராகவும் பரவியிருப்பதால் முனை நெடுநேரம் நிற்கும். தேக்கில் சிலிக்கா இருப்பதும், அது தகட்டை எப்படித் தின்னும் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேக்குக்கு பி.எம்.-வி11தான் ஏற்றது என்பது என் கருத்து.

பெரியப்பா: பழைய வீட்டு மரத்தில் ஆணி இருக்கும். ஆணி எந்த எஃகையும் விடாது.

நான்: நேற்று காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்தேன். நான்கு இடங்களில் பிடித்தது. மூன்றைப் பிடுங்கிவிட்டேன். ஒன்றின் தலை ஒடிந்து உள்ளேயே நிற்கிறது. அதைச் சுற்றிக் கருங்கறை படிந்திருக்கிறது.

பெரியப்பா: அதைச் சிற்றுளியால் சுற்றிக் குடைந்து எடு. ரம்பத்தை அங்கே கொண்டு போகாதே. முதல் இழைப்பு முழுவதும் பழைய தகட்டில்தான் நடக்க வேண்டும். ஒட்டாவாவிலிருந்து வரும் தகடு கடைசி இழைப்புக்கு மட்டும்.

சித்தப்பா: அப்படியென்றால் கடைசியில் நான்கு சுருள் எடுப்பதற்காகவா இவ்வளவு விலை கொடுக்கிறோம்? அந்தப் பணத்தில் ஊஞ்சலுக்குப் பித்தளைச் சங்கிலி வாங்கிவிடலாம்.

அத்தை: சங்கிலியை உன் மாமா ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்.

பெரியப்பா: நான் ஒன்று கேட்கிறேன். நான்காம் எண்ணை ஏன் எல்லாரும் பேசுகிறீர்கள்? மெருகுக்கு நம்மிடம் இருப்பதே போதும். அதன் அடியைக் கண்ணாடியில் எமரித் தாள் ஒட்டித் தேய்த்து மட்டமாக்கி வைத்திருக்கிறேன். மேல்தகடும் தகட்டோடு இடைவெளியில்லாமல் அமர்கிறது. 6 அடிப் பலகையின் முறுக்கை எடுக்க நீள இழைப்புளி வேண்டும். அதுதான் இந்தப் பட்டறையில் இல்லை.

ஒட்டாவா அண்ணன்: அப்பா, நீங்கள் சொன்னது மிக முக்கியமான விஷயம். நான்காம் எண் ஒன்பதரை அங்குலம்தான் என்பதால் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, பலகையின் வளைவை அப்படியே வழவழப்பாக்கிவிட்டுப் போகும். ஏழாம் எண் 22 அங்குலம். அது மேடுகளின் மேல் மட்டும் படிந்து அவற்றை மட்டும் சீவும். மேடு குறையக் குறையத்தான் சுருள் நீளும், முழு நீளச் சுருள் வரும்போது பலகை மட்டமாகிவிட்டது என்று பொருள். எடைதான் அதிகம்.

சித்தப்பா: தாத்தாவிடம் நீள இழைப்புளி இருந்ததே. புளியமரக் கட்டையில் செய்து ஆப்பு அடித்தது.

பெரியப்பா: இருந்தது. பாகம் பிரித்த அன்று அது மதுரைக்குப் போனது.

சித்தப்பா: அண்ணா, அன்று நீங்கள் வாய்ச்சியையும் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டீர்கள், இழைப்புளி என் பங்குக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. அது இன்றும் என் கடையில் சாமி படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. கட்டை வெடித்துவிட்டது, தகடு நன்றாக இருக்கிறது. ஆயுத பூஜைக்குக்கூட எண்ணெய் தடவிச் சந்தனம் வைத்தேன்.

அத்தை: தம்பி, அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு நீயே ஒரு நடை காரைக்குடிக்கு வாயேன். இரண்டு மாமன்களும் சேர்ந்து செய்த ஊஞ்சல் என்று இருக்கட்டும்.

சித்தப்பா: அண்ணன் கூப்பிட்டால் வருகிறேன்.

நான்: பெரியப்பா, புதுக் கட்டையில் அந்தத் தகட்டைப் பொருத்த முடியுமா? பூவரசங்கட்டை ஒன்று காய்ந்து கிடக்கிறது.

பெரியப்பா: பூவரசு வேண்டாம், வேங்கையில் பார்க்கலாம். கட்டை செய்ய ஒரு வாரம் ஆகும். தகட்டை முதலில் நான் பார்க்க வேண்டும்.

ஒட்டாவா அண்ணன்: அப்படியென்றால் நான் எதைப் பதியட்டும்? ஏழாம் எண்ணா, நான்காம் எண்ணா? இன்னும் ஒரு விஷயமும் இருக்கிறது. இந்த இழைப்புளிகள் மேசை முன்னால் நின்று இழைப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அப்பா தரையில் அமர்ந்து, பலகையைக் காலால் அணைத்து இழைப்பவர். கைப்பிடி செங்குத்தாக இருந்தால் மணிக்கட்டு மடங்கும். அதனால்தான் கைப்பிடியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தம்பி, அப்பாவின் உள்ளங்கை அகலத்தை அளந்து அனுப்புவாயா?

நான்: அளந்தேன் அண்ணா. நான்கு விரல்களும் சேர்ந்து மூன்றரை அங்குலம் இருக்கின்றன. ஆனால் இப்போது பெரியப்பாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. ஆடி மாதத்திலிருந்து மேசையில் வைத்து நின்றுதான் இழைக்கிறார்.

ஒட்டாவா அண்ணன்: இதை எனக்கு யாருமே சொல்லவில்லையே. மருத்துவரிடம் போனீர்களா அப்பா?

பெரியப்பா: போனேன், மாத்திரை கொடுத்திருக்கிறார். இழைப்புளிக்கு வா. கீழே விழுந்தால் உடையுமா?

ஒட்டாவா அண்ணன்: சாதாரண வார்ப்பிரும்பு விழுந்தால் வாய்ப்பக்கம் விரிசல் விடும். இவர்கள் வார்ப்பது நீள்தன்மை கொண்ட வார்ப்பிரும்பு, அவ்வளவு எளிதில் உடையாது. வார்த்த பிறகு உள்ளிறுக்கத்தையும் தளர்த்திவிடுவதால் அடி பின்னாளில் கோணாது.

சித்தப்பா: விமான நிலையத்தில் சுங்கவரி கேட்பார்களே.

ஒட்டாவா அண்ணன்: இந்த 2014ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பை 35,000 ரூபாயிலிருந்து 45,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள் சித்தப்பா. ஓர் இழைப்புளி அதற்குள் அடங்கும். கையில் எடுத்துவரும் பையில் வைக்க முடியாது, சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். ஏழாம் எண் என்றால் எடைக்காக வேறு சில பொருள்களை விட்டுவிட்டு வருவேன்.

அத்தை: எனக்கு வாங்கி வைத்த பாத்திரத்தை விட்டுவிடாதே.

சித்தப்பா: நான் தகட்டைக் கொண்டுவந்தால் ஏழாம் எண் தேவையில்லை. எனக்கும் சேர்த்து, துளை குடையும் நல்ல பொளியுளி ஒன்றை எடுத்து வரலாமே.

பெரியப்பா: நீ பிளைவுட்டில் எங்கே பொளி போடப் போகிறாய்?

சித்தப்பா: ஊஞ்சலின் சட்டத்துக்குப் பொளியும் அதில் செருகும் கழுந்தும் யார் போடுவது? நான்தான் போடப்போகிறேன். தாத்தாவிடம் நானும் கற்றவன்தான்.

பெரியப்பா: சரி, நீ வந்து போடு. வியாழக்கிழமை வா. தகட்டைத் துணியில் சுற்றிக் கொண்டு வா, சாக்கில் போடாதே.

அத்தை: முருகா, நல்லபடியாக நடக்கட்டும்.

ஒட்டாவா அண்ணன்: அப்பா, நான் சனிக்கிழமைவரை காத்திருக்கிறேன். 45 பாகை என்பது முடிந்துவிட்டது. எண் மட்டும் சொல்லுங்கள். எஃகு பி.எம்.-வி11 என்றே வைக்கிறேன்.

பெரியப்பா: எஃகு ஓ1 போதும். நீ ஒட்டாவாவுக்குத் திரும்பிய பிறகு அதைத் தீட்டப்போவது என் கல்தான்.

ஒட்டாவா அண்ணன்: வைரத்தூள் பதித்த தட்டு ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறேன். அதில் இரண்டு எஃகையும் தீட்டலாம்.

பெரியப்பா: எடை எடை என்கிறாய், பிறகு தட்டையும் சேர்க்கிறாய். வியாழக்கிழமை தகட்டைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்கிறேன்.

நான்: அண்ணா, எதுவானாலும் நான்காம் எண்ணை விட்டுவிடுங்கள். முறுக்கு எவ்வளவு என்று இரண்டு முனையிலும் மட்டக்கோல் வைத்து இப்போதுதான் பார்த்தேன். ஒரு முனையில் கால் அங்குலம் தூக்கியிருக்கிறது.

சித்தப்பா: கால் அங்குலமா? முதலில் லேசாக என்றாயே.

பெரியப்பா: எந்த மூலை? வாசல் பக்கமா, சுவர்ப் பக்கமா? பலகையைத் திருப்பாதே, நான் வருகிறேன்.