இலங்கையில 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு உங்கட தொழிலுக்கு என்ன நடந்தது? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ

மில்காரன்:
நாடு தேறிட்டுது எண்டு நியூஸில சொல்லினம், பொய் எண்டு சொல்ல வரேல்ல. 2022 செப்டம்பரில கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது, இப்ப அந்தக் கதையே இல்ல. ஆனா ஏறின விலை ஏறினபடிதான் நிக்குது, ஏறுற வேகம் மட்டும் குறைஞ்சது. டிவியில கதைக்கிறவை ரெண்டையும் ஒண்டாக் குழப்புகினம்.

நான் மாவும் தூளும் அரைக்கிற மில் வச்சிருக்கிறன். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டேக்க சனம் அரிசியை ஊறப்போட்டுக் கொண்டுவந்து வாசல்ல நிக்கும், பிந்தினாப் புளிச்சிடும், அதால நடுச்சாமத்தில கரண்ட் வந்தாலும் எழும்பி அரைச்சுக் குடுத்தம். அது சமாளிக்கக்கூடிய கஷ்டம். அடி விழுந்தது ஆகஸ்டில. 9 வருஷமாக் கூட்டாம விட்ட கட்டணத்தைச் சராசரி 75 வீதம் கூட்டினவை, அடுத்த பெப்ரவரியில திரும்ப 66 வீதம். நட்டத்துக்குக் கரண்ட் விக்கேலாது எண்டு ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) சொன்னதில எனக்கு மறுப்பில்ல, மலிவா எரிச்ச லைட்டுக்கு ஆரோ கடன்பட்டுத்தானே இருப்பினம். ஆனா வீதக் கணக்கில பாத்தா, மாசம் 30 யூனிட்டுக்குள்ள பாவிக்கிற வீடுகளுக்குத்தான் கூட ஏத்தினவை. அந்த வீட்டுச் சனம்தான் என்ர கஸ்டமர். நான் அரைகூலியைக் கூட்ட, கிலோக்கணக்கில வந்த மிளகாய் கால்கிலோவா வரத் தொடங்கிட்டுது. வறுக்கிற அக்காவுக்குக் குடுக்க வேலை இல்லாமப் போச்சு. அவ இப்ப குவைத்தில. அவ அனுப்புற காசையும் சேத்துத்தான் டொலர் கையிருப்பு கூடிட்டு எண்டு சொல்லினம்.

கரைவலை:
அண்ணை, கரண்டையாவது ரெண்டு தரமாக் கூட்டினவங்கள். மண்ணெண்ணெய் 87 ரூபா வித்தது, 2022 ஆகஸ்டில ஒரே இரவில 340. மீன்பிடிக்கிற எங்கட சின்னப் போட்டுகள் மண்ணெண்ணெயிலதான் ஓடுறது. எங்கட பக்கம் எண்ணெய்ச் செலவைக் கழிச்சுப்போட்டுத்தான் பங்கு பிரிக்கிறது, அதால எண்ணெய் ஏறினா போட்டுச் சொந்தக்காரரான சம்மாட்டியை விடக் கூடப்போற பெடியனுக்குத்தான் கை காயும், மீன் பட்டாலும் வெறுங்கை. ரெண்டு வீட்டுக்காரர் சேந்து ஒரு போட்டில போனம். இப்பவும் அப்பிடித்தான் போறம். மனிசியின்ர காப்பு ஈட்டில கிடக்குது, பவுண் விலை போற போக்கில அதை மீட்டு வித்துப்போட்டுத் திரும்பச் சின்னதா வாங்கலாம் எண்டு அவவே சொல்லுறா.

மூண்டு சில்லு:
நான் ஓட்டோ. கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல் எண்டு கியூஆர் பங்கீட்டில தந்தவை, அதில ஹயர் ஓடி லீசிங் கட்டுறதெண்டா எப்பிடி? அதுக்கு முதலே 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே நாள்ல வட்டியை 7 வீதப் புள்ளி கூட்டினது, நான் கையெழுத்து வச்ச தவணை மாறேல்லத்தான், ஆனா பிந்தினதைத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லிக் கேக்கப் போனா புது வட்டியைக் காட்டினவங்கள். இன்னொரு விஷயம் ஒருத்தரும் கதைக்கிறேல்ல, 2020ல இருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி தடை, அதால பழைய ஓட்டோவுக்கும் விலை ஏறிட்டுது. தவணை கட்டாத ஓட்டோவைத் தூக்கினா லீசிங் கொம்பனிக்கு நட்டம் வராது. முந்தி "தம்பி, அடுத்த மாசமாவது கட்டும்" எண்டு போன் எடுத்தவை, பிறகு நேர வாகனத்தைப் பறிக்கிற சீசிங்காரரை அனுப்பினவை. நான் மச்சானிட்டக் கடன் மாறித்தான் தப்பினன்.

கந்தோர் அக்கா:
நாங்கள் லைன்ல நிண்டதைக் கதைக்கிற அளவுக்கு ஈபிஎஃப்பை (ஊழியர் சேமலாப நிதி) கதைக்கிறேல்ல. 2023ல உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பெண்டு வரேக்க வங்கிகளிட்ட இருந்த அரசாங்கக் கடன் பத்திரங்களை, அதான் பிணைமுறிகளை, விட்டுட்டினம், அவை ஏற்கனவே நிறைய வரி கட்டுதாம். எங்கட ஈபிஎஃப்புக்கு, பழைய முறிகளைப் புது முறிகளா மாத்தாட்டி 14 வீத வரி 30 ஆகும் எண்டு சொன்னவை. மாத்தினவை. 9 வீத வட்டி உறுதி, குறைவில்லத்தானே எண்டு எங்கட மனேஜர் சொன்னார். அதுக்கு முதல் வருஷம்தான் அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கிற திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல வட்டி குடுத்த நாடு இது. காசு இருந்தவை அதில போட்டு எடுத்திட்டினம், எங்களை ஆரும் கேட்டவையே?

மில்காரன்:
அக்கா, இதை நான் இந்த அளவுக்கு யோசிக்கேல்ல. என்னட்ட ஈபிஎஃப்பே இல்ல, அது வேற கதை.

இப்ப எனக்குச் சோலார்தான் பிரச்சினை. 2025 ஜனவரியில கரண்ட் கட்டணத்தை 20 வீதம் குறைச்சவை, சரி தப்பிட்டன் எண்டு பாத்தா ஜூனில திரும்ப 15 வீதம் கூட்டினவை. லோன் எடுத்துக் கூரையில பூட்டச் சொல்லி மகன் நிக்கிறான். ஆனா அந்த வருஷம் பெப்ரவரியில பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டதெண்டு அமைச்சர் சொன்னார், பிறகு சித்திரை வருஷப் பிறப்புக்குக் கரண்ட் பாவனை குறையும் எண்டு வீட்டுக்கூரைச் சோலாரை நிப்பாட்டி வைக்கச் சொல்லிக் கேட்டவை. வெயில் எறிக்கேக்க நிப்பாட்டச் சொன்னா தவணையை ஆர் கட்டுறது? பற்றரியோட பூட்டின ஆக்கள் இருந்தா விலை என்ன, மில் மோட்டரை இழுக்குமோ எண்டு சொல்லுங்கோ. வங்கிக்கு இன்னும் போகேல்ல.